எலும்புகள் சொல்லும் பாடம்

சென்ற கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பழைய துண்டு ஒன்றில் எதையோ முடிந்து கொண்டுவந்தாள். அவிழ்த்துப் பார்த்தோம். கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள் நான்கைந்து இருந்தன. அவற்றோடு விரல் நீளத்தில் ஓர் எலும்புத் துண்டும் இருந்தது. புஞ்சையில் அவள் தந்தையார் குழி தோண்டியபோது, மண்ணுக்குள் ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய பானை ஒன்று தட்டுப்பட்டதாம்.

"பானையை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டோம்.

"அப்பத்தா பயந்துட்டாங்க டீச்சர். பேய் பிடிச்சிரும்னு உடைச்சு ஓடையில போடச் சொல்லிட்டாங்க. இது மட்டும் நான் எடுத்து வச்சேன்" என்றாள்.

அப்பத்தாவின் மேல் குற்றம் இல்லை. அறியாத ஒன்றைக் கண்டு அஞ்சுவது மனித இயல்பு. ஆனால் அந்தப் பானையோடு ஓடையில் போனது பேயன்று. நம் மண்ணில் உழுது, அரைத்து, பிள்ளை வளர்த்து மடிந்த ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்பு. அந்தக் குறிப்பை எவ்வாறு படிப்பது என்று அன்று வகுப்பில் கற்ற பாடத்தையே, எல்லா வகுப்பு மாணவியருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகின்றோம்.

தாழி என்பது யாது?

இறந்தவரைப் பெரிய மண்பானையில் வைத்துப் புதைக்கும் வழக்கம் பண்டைத் தமிழகத்தில் பரவலாக இருந்தது. அந்தப் பானையே முதுமக்கள் தாழி. சில தாழிகளில் உடலை முழங்கால் மடித்து உட்கார வைத்தனர். வேறு சிலவற்றில், உடல் மக்கிய பின் எலும்புகளை மட்டும் பொறுக்கி எடுத்து இட்டனர். உடன் சிறு கலயங்கள், இரும்புக் கருவிகள், மணிகள், தானியம் ஆகியவற்றையும் வைத்தனர். கணவனை இழந்த பெண் ஒருத்தி, தாழி வனையும் குயவனிடம் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய்யுமாறு வேண்டும் பாடல் ஒன்று புறநானூற்றில் உண்டு.

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர் இவ்வகை இடுகாடுகளுள் புகழ்பெற்றது. 1876ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டு அறிஞர் யாகோர் அங்கே முதலில் தோண்டினார். பின்னர் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்பவர் விரிவாக ஆய்ந்தார். 114 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பறம்பில் 2004–2005ஆம் ஆண்டுகளில் மட்டும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அருகிலுள்ள சிவகளையில் ஒரு தாழியிலிருந்து எடுத்த நெல் உமி கி.மு. 1155ஐச் சேர்ந்தது எனக் கணித்துள்ளனர்.

மதுரையிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் உள்ள கீழடியை அறியாத மாணவி இல்லை. 2014ஆம் ஆண்டு அங்கே அகழாய்வு தொடங்கிற்று. மக்கள் குடியிருந்த இடம் கீழடி. அவர்கள் தம் இறந்தோரைப் புதைத்த இடம் அடுத்துள்ள கொந்தகை. 2020ஆம் ஆண்டு முதல் கொந்தகையில் தாழிகளும் மனித எலும்புக்கூடுகளும் கிடைத்து வருகின்றன. அவற்றை மதுரை காமராசர் பல்கலைக்கழக மரபியல் அறிஞர்கள் ஆராய்கின்றனர். நம் டி.கல்லுப்பட்டியிலும் 1970களில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியுள்ளது. எனவே நம் மாணவியின் புஞ்சையில் தாழி கிடைத்ததில் வியப்பு ஏதும் இல்லை.

இங்கே ஒரு பழங்கதையைத் திருத்திக்கொள்ள வேண்டும். "அந்தக் காலத்தில் மனிதர் சாகாமல் குறுகிக் குறுகிப் போவார்கள், அவர்களைச் சோறும் தண்ணீரும் வைத்துத் தாழிக்குள் இறக்கிவிடுவார்கள்" என்று நம் ஊர்களில் சொல்வதுண்டு. எலும்புகள் இதை மறுக்கின்றன. தாழிக்குள் இருப்போர் எல்லோரும் கிழவர் அல்லர். இளைஞர் உண்டு, பெண்கள் உண்டு. கொந்தகையில் குழந்தைகளின் எலும்புக்கூடுகளும் கிடைத்துள்ளன.

எலும்பை எவ்வாறு படிக்கின்றனர்?

வளர்ந்த மனித உடலில் 206 எலும்புகள் உள்ளன. பிறந்த குழந்தைக்கோ அதைவிட மிகுதி. வளர வளரச் சில எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து எண்ணிக்கை குறைகின்றது. எந்த எலும்பு எந்த வயதில் இணையும் என்பதை மருத்துவர் அறிவர். காறை எலும்பின் உட்புற முனை எல்லாவற்றிற்கும் கடைசியாக, இருபத்தைந்து வயதை ஒட்டியே இணைந்து முடிகின்றது. ஆகவே அந்த முனை இணையாதிருந்தால், இறந்தவர் இளவயதினர் என்று அறியலாம்.

ஆணா, பெண்ணா என்பதை இடுப்பெலும்பு காட்டும். மகப்பேற்றுக்கு ஏற்றவாறு பெண்ணின் இடுப்பெலும்பு அகன்றிருக்கும். தொடை எலும்பின் நீளத்தைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடலாம். தசைநார் பற்றியிருந்த இடங்கள் கரடுமுரடாகத் தடித்திருந்தால், அந்தத் தசைக்கு வேலை மிகுதி என்று பொருள்.

நாம் உட்காரும் முறைகூட எலும்பில் பதிகின்றது. 1890களில் லாகூரில் பணியாற்றிய ஹேவ்லாக் சார்லஸ் என்ற மருத்துவர், பஞ்சாப் மக்களின் கால் எலும்புகளை ஆராய்ந்தார். கணுக்காலில் இரு எலும்புகள் சந்திக்கும் இடத்தில் சிறு வழவழப்பான தடம் ஒன்றைக் கண்டார். குத்துக்காலிட்டு நெடுநேரம் அமர்வதால் அது உண்டாகின்றது என்று விளக்கினார். நாற்காலியில் அமர்ந்தே பழகியவர்களிடம் அது அரிது. களை எடுக்கவும் அடுப்பு ஊதவும் குத்துக்காலிட்டு அமர்ந்த நம் பாட்டியரின் கணுக்காலில் அந்தத் தடம் இருக்கும். மேசை முன் அமர்ந்து படிக்கும் பேத்தியரிடம் இராது.

பற்கள் எழுதும் நாட்குறிப்பு

உடலில் மிக உறுதியானது பல்லின் மேற்பூச்சாகிய எனாமல். மற்ற எலும்புகள் மக்கிய பின்னும் பல் நிற்கும். பல்லில் நான்கு செய்திகளைப் படிக்கலாம்.

முதலாவது, தேய்மானம். கல்லில் அரைத்த மாவில் கல்துகள் கலந்திருக்கும். அதை நாள்தோறும் உண்பவர் பற்கள் விரைவில் தேய்கின்றன.

இரண்டாவது, சொத்தை. வேட்டையாடி வாழ்ந்தோரைவிடத் தானியம் விளைவித்து உண்டோரிடம் சொத்தை மிகுதி. சிந்துவெளி நகரமாகிய ஹரப்பாவின் இடுகாட்டுப் பற்களை ஆராய்ந்த ஜான் லூகாக்ஸ் என்ற அறிஞர், ஆண்களைவிடப் பெண்களுக்கே சொத்தை கூடுதல் என்று கண்டார். உணவு வேறுபாடும் அடுத்தடுத்த மகப்பேறும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. பலுசிஸ்தானத்திலுள்ள மெஹர்கர் என்னும் ஊரில், ஒன்பது பேருடைய பதினொரு கடைவாய்ப் பற்களைக் கல் ஊசியால் துளைத்திருந்தனர். அவை ஏழாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று 2006ஆம் ஆண்டு வெளியிட்டனர். மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில் துளைக்கும்போது வலி எப்படி இருந்திருக்கும்! பல் மருத்துவரிடம் போக அஞ்சும் மாணவியர் இதை நினைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, குறுக்குக் கோடு. குழந்தைப் பருவத்தில் கடும் காய்ச்சலோ பட்டினியோ வந்தால், அப்போது உருவாகிக்கொண்டிருந்த எனாமலின் வளர்ச்சி சிறிது நின்றுவிடுகின்றது. அந்த இடத்தில் ஒரு பள்ளக் கோடு விழுகின்றது. எனாமல் மறுபடி வளர்வதில்லை. ஆகையால் மூன்று வயதில் பட்ட பசி அறுபது வயதுக்குப் பின்னும் பல்லில் நிற்கும்.

நான்காவது, உணவின் வகை. நெல்லும் கோதுமையும் ஒருவகைப் பயிர். சோளம், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம் ஆகியவை வேறு வகை. இவ்விரு வகையும் காற்றிலிருந்து கரியைப் பெறும் முறை வேறு. அந்த வேறுபாடு உண்டவரின் எலும்பிலும் பல்லிலும் பதிகின்றது. நஞ்சைச் சோறு உண்டவரையும் புஞ்சைக் கூழ் குடித்தவரையும் அறிவியற்கூடத்தில் பிரித்தறியலாம்.

அரைத்த கைகளும் மடங்கிய முழங்காலும்

இனி, பெண்களின் எலும்பு சொல்லும் செய்திக்கு வருவோம்.

சிரியா நாட்டில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் அபு ஹுரைரா என்றொரு பழைய ஊர். அணை கட்டுவதால் நீரில் மூழ்கவிருந்த அந்த ஊரை 1972–1973ஆம் ஆண்டுகளில் அவசரமாகத் தோண்டினர். அங்கே கிடைத்த எலும்புகளை இலண்டனைச் சேர்ந்த தேயா மொல்லசன் என்ற பெண் ஆய்வாளர் பரிசோதித்தார். கால் பெருவிரல் மூட்டு தேய்ந்து வாதம் கண்டிருந்தது. முழங்காலும் கீழ் முதுகும் சிதைந்திருந்தன. இவை பெரும்பாலும் பெண்களின் எலும்புகளே. முழங்காலிட்டு, கால்விரலை மடித்து ஊன்றி, கல்லின் மேல் குனிந்து நாள்தோறும் பல மணி நேரம் தானியம் அரைத்ததன் தழும்பு அது என்று 1994ஆம் ஆண்டு அவர் எழுதினார்.

அமெரிக்காவின் தென்மேற்கே, கொலராடோவும் நியூ மெக்சிகோவும் அடங்கிய வறண்ட பீடபூமியில் புவெப்லோ மக்களின் முன்னோர் கல்லாலும் மண்ணாலும் அடுக்கு வீடுகள் கட்டி வாழ்ந்தனர். மானாவாரியாக மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் விளைவித்தனர். அங்கும் பெண்களே மணற்கல் பலகையில் முழங்காலிட்டுச் சோளம் அரைத்தனர். அவர்கள் பற்களும் மணலால் தேய்ந்தன. முதுகும் வாதத்தால் வளைந்தது. கடல்கள் கடந்த அந்த நாட்டுக்கும் மழை நோக்கி வாழும் நம் எழுமலைக்கும் எவ்வளவு நெருக்கம்!

2017ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் மற்றொரு செய்தியை வெளியிட்டனர். நடு ஐரோப்பாவின் பழங்கால உழவர்குடிப் பெண்களின் மேற்கை எலும்பை, இன்றைய படகுப்போட்டி வீராங்கனைகளின் எலும்போடு ஒப்பிட்டனர். பழங்காலப் பெண்களின் எலும்பே 11 முதல் 16 விழுக்காடு வரை வலுவானது! உழுவதும் அறுப்பதும் அரைப்பதும் அவர்கள் கைகளுக்கு அந்த வலுவைத் தந்தன.

அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் திருகையும் நம் வீடுகளில் மூலைக்குப் போய் வெகுகாலம் ஆகவில்லை. விடியுமுன் எழுந்து கம்பு குத்தி, மாவு திரித்து, சும்மாடு வைத்துத் தண்ணீர் சுமந்த கைகள் இன்னும் நம் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. முழங்கால் வலிக்கின்றது என்று பாட்டி சொல்லும்போது, "எப்பப் பார்த்தாலும் இதே பாட்டு" என்று முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே இல்லையா? அந்த வலி, நாமும் நம் பெற்றோரும் உண்டு வளர்ந்த சோற்றின் விலை. தாழியில் கிடந்தால் அறிஞர் வந்து வியந்து பார்க்கும் அந்த முழங்காலை, உயிரோடு இருக்கும்போதே தைலம் தடவிக் காப்பது நம் கடமை.

கண்குழியில் தெரியும் குறை

புவெப்லோ முன்னோரின் மண்டையோடுகளில், குறிப்பாகக் குழந்தைகளின் கண்குழி மேற்புறத்தில், தேன்கூடு போன்ற சிறு துளைகள் காணப்படுகின்றன. இரத்தம் போதாதபோது, அதை ஈடுசெய்ய எலும்பின் உள்ளே இருக்கும் மச்சை விரிந்து பெருகும்; வெளி ஓடு மெலிந்து துளை விழும். மக்காச்சோளத்தையே பெரிதும் நம்பியதும், குடற்புழுவும், தொற்றுநோயும், பிற சத்துக் குறைவுகளும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. சுருங்கச் சொன்னால் இது பெரும்பாலும் சோகையின் அடையாளம்.

இதைப் படித்ததும் "பாவம், பழங்காலத்தார்" என்று இரங்க வேண்டாம். 2019–2021ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும், தமிழ்நாட்டுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கும் சோகை இருந்தது. 15 முதல் 19 வயதுப் பெண்களை மட்டும் எடுத்தால், நாடு முழுவதும் 59 விழுக்காடு. அதாவது உங்கள் வயதினரில் பாதிப்பேருக்கும் மேல்!

பள்ளியில் வாரந்தோறும் வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையைச் சில மாணவியர் வாயில் போட்டுக்கொண்டு, ஆசிரியை திரும்பியதும் துப்பிவிடுவதை நாங்கள் அறியாமல் இல்லை. தம்பிக்கு முட்டை வைத்துவிட்டு அக்காவுக்கு ஊறுகாய் வைக்கும் வீடுகளும் உண்டு. பெற்றோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, சுண்டல், முட்டை ஆகியவை எட்டாக்கனிகள் அல்ல. மகளின் தட்டில் இன்று வைப்பதும் வைக்காததும் அவள் எலும்பில் எழுதப்படுகின்றது.

நோயாளியைக் காத்த கைகள்

இராஜஸ்தானில் உதயப்பூருக்கு அருகே பாலாத்தல் என்ற ஊரில், ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்த ஓர் ஆணின் எலும்புக்கூட்டில் தொழுநோயின் அடையாளங்களைக் கண்டு 2009ஆம் ஆண்டு வெளியிட்டனர். தொழுநோய் முதலில் தோலையும் நரம்பையும் தாக்கும். எலும்பைச் சிதைக்கப் பல ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலம் அவர் நோயோடு வாழ்ந்தார் என்றால், யாரோ அவருக்குச் சோறிட்டிருக்க வேண்டும். முறிந்து, மறுபடி கூடிய தொடை எலும்பும் இதையே சொல்லும். எழுந்து நடக்க முடியாத அத்தனை வாரங்களும் பக்கத்தில் ஒருவர் இருந்து பார்த்துக்கொண்டார்.

மகாராஷ்டிரத்தில் இனாம்காவ் என்ற ஊரில், இறந்த குழந்தைகளை இரு பானைகளின் வாயை ஒன்றோடொன்று பொருத்தி, அதனுள் வைத்து, வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்தனர். பிள்ளையைத் தொலைவில் விட மனம் வராத தாயின் துயரம் மூவாயிரம் ஆண்டு கடந்தும் நமக்கு விளங்குகின்றது அல்லவா?

எலும்பு சொல்லாதவை

2025ஆம் ஆண்டு கொந்தகையில் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளைக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் அவர்களின் முகத்தை உருவாக்கிக் காட்டினர். படத்தைக் கண்ட பலர் "கறுப்பா, சிவப்பா" என்றே முதலில் பேசினர். மண்டையோடு முகத்தின் அமைப்பைக் காட்டும். தோலின் நிறத்தைக் காட்டாது. நிறம் தீட்டியது இன்றைய தென்னிந்தியரைப் பார்த்து.

அதுபோலவே, ஓர் எலும்பைக் கையில் எடுத்து "இவர் இன்ன சாதி" என்று சொல்ல உலகில் எந்த அறிஞராலும் முடியாது. பட்ட பசி தெரியும். செய்த வேலை தெரியும். கண்ட நோய் தெரியும். உயர்வு தாழ்வு என்று நாம் கட்டிய சுவர் எலும்பில் இல்லை. ஒரே வகுப்பில் இருந்துகொண்டு தண்ணீர்ப் புட்டியைக்கூடப் பகிரத் தயங்குகிறவர்கள், இந்த ஒரு வரியையாவது மனத்தில் கொள்ளுங்கள்.

மரியாதையும் கடமையும்

நியூ மெக்சிகோவில் பெக்கோஸ் என்ற புவெப்லோ ஊரை ஆல்பிரட் கிடர் என்பவர் 1915 முதல் 1929 வரை தோண்டினார். ஏறத்தாழ இரண்டாயிரம் பேருடைய எலும்புகள் தொலைவிலிருந்த அருங்காட்சியகத்திற்குப் போயின. அறிவுலகம் அவற்றால் பயன்பெற்றது. ஆயினும் அந்த ஊராரின் வழித்தோன்றல்கள், "இவர்கள் எங்கள் பாட்டன் பாட்டியர்" என்று கேட்டுக்கொண்டே இருந்தனர். 1990ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தின்படி, 1999ஆம் ஆண்டு அவை திருப்பித் தரப்பட்டு, மீண்டும் மண்ணில் வைக்கப்பட்டன. கல்லறைத் திருநாளன்று பூவும் மெழுகுவர்த்தியும் ஏந்திச் செல்லும் நமக்கும், ஆடி அமாவாசையில் முன்னோரை நினைக்கும் நம் அயலாருக்கும் அவர்கள் உள்ளம் எளிதில் விளங்கும்.

எனவே அறிவும் மரியாதையும் ஒன்றாகச் செல்ல வேண்டும். உங்கள் நிலத்தில் தாழியோ பழம்பொருளோ தென்பட்டால் தோண்டுவதை உடனே நிறுத்துங்கள். எதையும் வெளியே எடுக்காதீர்கள். எலும்பு எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது, எந்தக் கலயம் அருகில் இருந்தது என்பதே பாதிச் செய்தி. ஈரமண்ணால் மூடிவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தெரிவியுங்கள். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதைபொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டு முதல் உள்ள சட்டம்.

நம் மாணவியின் கதை அத்துடன் முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை அவள் தந்தையார் பள்ளிக்கு வந்தார். நாங்கள் சிலர் அவருடன் புஞ்சைக்குச் சென்றோம். உடைந்த தாழி போனது போனதுதான். ஆனால் குழியின் மேற்குச் சுவரில் இன்னொரு தாழியின் விளிம்பு, பிறை போல வெளியே தெரிந்தது. அப்பத்தாவும் வந்து நின்று பார்த்தார். அதற்குள்ளே இருப்பது தம்மைப் போலவே அரைத்துச் சுமந்த ஒரு பெண்ணாகவும் இருக்கலாம் என்று சொன்னோம். சற்று நேரம் பேசாமல் நின்றவர், தாமே குனிந்து இரு கை மண்ணை அள்ளி விளிம்பின் மேல் போட்டார். "தூங்கட்டும். கேக்க வேண்டியவங்க வந்து கேக்கட்டும்" என்றார். மகன் அன்றே கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்தார். அந்த எலும்புத் துண்டையும் ஓடுகளையும் அதே குழியில் வைத்து மூடினோம்.

மாணவியரே! நம் எலும்பும் ஒருநாள் மண்ணுக்குப் போவது உறுதி. அதில் பசியின் கோடு குறைந்தும், உழைப்பின் வலு நிறைந்தும், பிறரைத் தாங்கிய தழும்பு சில இருந்தும் விளங்குமாறு வாழ்வோமாக.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. தாழியில் குழந்தைகளின் எலும்புகள் கிடைப்பதால் எந்தப் பழங்கதை பொய்யாகின்றது?
2. மூன்று வயதில் பட்ட பசி முதுமையிலும் பல்லில் நிற்பது ஏன்?
3. அபு ஹுரைராப் பெண்களுக்கும் உங்கள் பாட்டிக்கும் உள்ள ஒற்றுமைகள் யாவை? பாட்டியிடமே கேட்டு எழுதுக.
4. தாழி ஒன்றை இடம் மாற்றாமல் வைத்திருப்பது ஏன் இன்றியமையாதது?

— வரலாற்று மன்றம்